மூன்று நாள், இரண்டு ‘வேணாம்’

மலர்க் குழுவினருக்கு வணக்கம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். மாவு மில்லில் நின்று பழகிய கை, பேனாவைப் பிடித்தால் நடுங்குகிறது. வரிகள் ஏறி இறங்கி ரோடு போடாத மலைப்பாதை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நம் ரசிகர் மன்றத்திலிருந்து பாண்டிச்சேரி போய் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தலைவரும் என் அக்கா வீட்டுக்காரருமான கோவிந்தன் மாமா நான்கு பக்கம். செயலாளர், தையல்காரர் தங்கவேலு அண்ணன் ஆறு பக்கம். இரண்டையும் படித்தேன். பத்துப் பக்கத்திலும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பெண் பார்க்கப் போனவன் நான்.

வெளியூர்க்காரர் யாராவது இந்த மலரைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் தேவையில்லை. அரூரில் ‘படம்’ என்றால் ஒரே படம்தான், மற்றதெல்லாம் சினிமா. கதை பாண்டிச்சேரியில் நடக்கிறது. கதாநாயகன் துரை இடைவேளை வரை ஓயாமல் பேசுவான். பிறகு ஒரு சபதம் எடுத்துக்கொண்டு, படம் முடிகிறவரை வாயே திறக்க மாட்டான். மீன் விற்கிற எலிசா அவனைப் பார்த்து மூன்று தடவை ‘வேணாம்’ என்பாள். மூன்றாவது தடவை அவள் கண்ணில் தண்ணீர் நிற்கும், சர்ச் மணி அடிக்கும், கல்யாணம்.

படம் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை. எதிரே ஆள் நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதுவரை என்னை உம்மணாமூஞ்சி என்றார்கள். படம் வந்த பிறகு ‘இடைவேளைக்கு அப்புறம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதை கூடிவிட்டது. டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தால், “அப்படியே துரைடா” என்று எனக்கும் சேர்த்து டீ சொன்னார்கள். பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு ஆதரவு இருந்தால் யார்தான் பேசக் கற்றுக்கொள்வார்கள்? பெண் பார்க்கப் போன ஆறு இடத்திலும் மாமாதான் பேசினார். ஆறு இடமும் தட்டிப்போயிற்று. எனக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது.

ஏழாவது இடம் பாண்டிச்சேரி என்றதும் மன்றமே எழுந்து நின்றது. பெண்ணின் பெயர் அமுதா. வயது நாற்பத்திரண்டு. அவளுடைய அம்மா எங்கள் மொரப்பூர்ப் பக்கம், கட்டிக்கொடுத்தது பாண்டியில். அமுதாவின் வீட்டுக்காரர் எட்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணனோடு அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். பெரிய மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை.

“கருவாடா?” என்று மாமா கொஞ்சம் யோசித்தார்.

“மீன் காஞ்சா கருவாடு” என்றார் தங்கவேலு. “எலிசாவுக்கு வயசாயிடுச்சுன்னு வச்சுக்கங்க.”

இப்படித்தான் அந்த இடம் முடிவாயிற்று.

எங்கள் ஊரில் பாண்டிக்குப் போகிறேன் என்றால் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு, எத்தனை பாட்டில் என்று கேட்பார்கள். நாங்கள் மூன்று நாளும் குடித்தது கறுப்புக் காப்பி. இடைவேளைக்குப் பிறகு துரை சர்க்கரை போடாத கறுப்புக் காப்பிதான் குடிப்பான், சோகத்துக்காக. பஸ் நிலையத்தில் இறங்கியதும் தங்கவேலு மூன்று கறுப்புக் காப்பி சொன்னார். கடைக்காரர், “பால் இருக்குண்ணே” என்றார். “பால் இருக்குறது எங்களுக்குத் தெரியும்” என்றார் தங்கவேலு. மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம். மாமாவுக்கு வயிறு அப்போதே ஏதோ சொல்ல ஆரம்பித்தது.

கடற்கரைப் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் நூல் பிடித்தது போல நேராக இருக்கின்றன. அரூரில் தெரிந்தவர் எதிரே வந்தால் ஒரு சந்தில் திரும்பிவிடலாம். இங்கே ஒரு ஆள் தெருக்கோடியில் வரும்போதே நம்மைப் பார்த்துவிடுகிறார். கூச்சப்படுகிறவனுக்கு ஏற்ற ஊர் இல்லை. தங்கவேலு வேறு துரை போட்ட அதே கட்டம் போட்ட சட்டையை மூன்று பேருக்கும் தைத்து எடுத்து வந்திருந்தார். ஒரே சட்டையில் மூன்று பேர், நேரான தெரு. எல்லாரும் பார்த்தார்கள்.

ஒரு முனையில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். படத்தில் துரை ஒரு சிவப்புத் தொப்பிக்கு சல்யூட் அடிப்பான். தங்கவேலுவும் அடித்தார். போலீஸ்காரர் எங்கள் சட்டைகளைப் பார்த்தார், பிறகு தங்கவேலுவை ஊதச் சொன்னார். ஊதினார். காப்பி வாசனைதான் வந்தது.

“ஒழுங்கா நடந்து போங்க” என்றார் போலீஸ்காரர்.

“படத்துலயும் போலீஸ் சந்தேகப்படும்” என்றார் மாமா. இரண்டு பேருக்கும் அதில் ஒரே சந்தோஷம்.

அப்புறம் எலிசாவின் வீட்டைத் தேடினோம். மஞ்சள் சுவர், வெள்ளைக் கேட், காகிதப்பூச் செடி. அந்தப் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. மாமா போனில் படத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு சுவருக்குப் பக்கத்திலும் வைத்து ஒப்பிட்டார். நான்காவது வீட்டில், “இதேதான்” என்று கேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். சலவை செய்த அரைக்கால் சட்டை, கையில் ரொட்டி.

“முசியே, இன்னா தேடுறீங்க?”

மாமா சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். “அந்தப் படமா? வீடு, கேட் எல்லாம் மெட்ராஸ்ல செட்டு போட்டது. இங்க கடலை மட்டும் ரெண்டு நாள் எடுத்தாங்க. நான் அப்ப லீவுல வந்திருந்தேன், நின்னு பார்த்தேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார்கள் என்று மாமா கேட்டார். “போட்டோ எடுத்துட்டுப் போகட்டும், நீ கேட்டைச் சாத்திட்டு வான்னு சொல்றா” என்றார் பெரியவர். சாத்திவிட்டுப் போனார்.

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமாகக் கும்பிட்ட வீடு இல்லை என்றாகிவிட்டதே, மனிதர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். மாமா மெதுவாகத் திரும்பி, “படத்துலயும் ஒரு பெரியவர் இப்படித்தான் வழியை மறைச்சுப் பொய் சொல்லுவார், ஞாபகம் இருக்கா?” என்றார். தங்கவேலுவுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. கையை நீட்டிக் காட்டினார்.

மத்தியானம் மீன் சாப்பாடு. சுறாப்புட்டு, கிழங்கான் குழம்பு. எங்கள் ஊரில் ஏரி மீனைப் புளியில் கரைத்துவிடுவோம். இங்கே குழம்பில் மீன் இன்னும் தான் யார் என்று தெரிந்து கிடக்கிறது. மூன்று தடவை குழம்பு வாங்கினேன். மற்ற இரண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். துரை சபதம் எடுத்த பிறகு மீன் தொட மாட்டான்.

அரியாங்குப்பத்துக்கு டெம்போவில் போனோம். துரை ஓடுகிற டெம்போவில்தான் ஏறுவான் என்று, நின்றுகொண்டிருந்த டெம்போவைக் கொஞ்சம் ஓட்டச் சொன்னார் தங்கவேலு. டிரைவர் நன்றாகவே ஓட்டிவிட்டார். தங்கவேலு ஏறிவிட்டார், ஒரு செருப்பு ஏறவில்லை. பாலம் தாண்டி, பெண் வீட்டுக்குள் அவர் ஒற்றைச் செருப்போடுதான் நுழைந்தார்.

அமுதாவின் அண்ணன் ஏழுமலை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பஜ்ஜியும் காப்பியும் கொடுத்தார். பால் காப்பி. மாமா நெளிந்தார், நான் ஒரே மடக்கில் குடித்தேன். அமுதா கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. நாற்காலியை இழுத்து எங்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்த தலை இன்னும் ஈரமாக இருந்தது. நான் ஏழுமலையிடம் மெதுவாகத் தண்ணீர் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. அமுதாதான் எழுந்துபோய்க் கொண்டுவந்தாள்.

“மில்லு உங்களோடதா, வேலைக்கு நிக்கிறீங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“உழைக்கிற கைம்மா” என்றார் மாமா. “துரை மாதிரி.”

“எந்தத் துரை?”

மாமா சொன்னார். பதினைந்து நிமிஷம் சொன்னார். நடுவில் தங்கவேலு எழுந்து, எலிசாவின் அப்பா துரையை விரட்டும் இடத்தை நடித்தே காட்டினார். ஏழுமலை பஜ்ஜித் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அமுதா முடியும்வரை கேட்டுவிட்டு, “நான் இவரைக் கேட்டேன்” என்றாள்.

“அவர் பேச மாட்டாரும்மா. அதான் அழகே” என்றார் தங்கவேலு.

அவள் என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன்.

“வேணாம்ணே” என்றாள் மாமாவிடம். “தப்பா நெனைக்காதீங்க. எனக்காகப் பேச எங்கண்ணன் இருக்காரு. கட்டிக்கிறவருக்காகப் பேசவும் ரெண்டு பேரு வருவாங்கன்னா, நானும் அவரும் எப்பப் பேசுறது? வேணாம்.”

அவள் சொன்னது சரி. ஆறு இடத்திலும் என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். இவள் ஒருத்திதான் காரணத்தைச் சொன்னாள். அதுவும் என்னால் மாற்றிக்கொள்ள முடிகிற காரணம்.

வெளியே வந்ததும் தங்கவேலு என் தோளைக் கட்டிக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினார். “ஒண்ணு.”

இரண்டாம் நாள் காலையில் கடற்கரையில் நடந்தோம். சைக்கிளில் போன ஒரு பெண்ணை மாமா எலிசாவின் தங்கை என்றார். நாயைப் பிடித்துக்கொண்டு போன வெள்ளைக்காரரை வில்லனின் மேனேஜர் என்றார். கடலைக்கூட, “இந்த அலை இடைவேளைக்கு முன்னாடி வரும்” என்றார். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. இரவெல்லாம் அமுதாவுக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

பத்து மணிக்குப் பெரிய மார்க்கெட். எங்கள் வாரச்சந்தை மாதிரி நூறு சந்தையை ஒரு கூரைக்குள் தள்ளியது போல இருக்கிறது. தலையில் மூட்டையோடு வருகிறவர்கள், “வழி, வழி” என்று சொல்லிக்கொண்டே இடித்துவிட்டுப் போகிறார்கள். படத்தில் துரை பேசாமல் எலிசாவின் மீன் கூடை மேல் கனகாம்பரம் வைப்பான். தங்கவேலு இரண்டு முழம் வாங்கி என் கையில் திணித்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். “கூச்சம் பாரு, அப்படியே துரை” என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அமுதா ஒரு மர மேடை மேல் உட்கார்ந்து வாளைக் கருவாட்டைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். நெத்திலிக் குவியல் மேல் பூவை வைத்தேன். வைத்தது நான்தான், என் கைதான்.

பக்கத்துக் கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, “அமுதா, உன் கருவாட்டுக்கு மாலை போட்டுட்டாங்கடி” என்றார்.

அமுதா பூவை எடுத்தாள். “கருவாட்டு மேல பூ இருந்தா எவண்ணே வாங்குவான்? கருமாதிச் சாமான்னு நெனைக்க மாட்டான்?” என்றாள் மாமாவிடம். “நேத்தே வேணாம்னு சொல்லிட்டேன். வேணாம்னா வேணாம்.”

“ரெண்டு” என்றார் தங்கவேலு.

“எப்படி ரெண்டு?” என்றார் மாமா. “இன்னிக்கு மட்டுமே மூணு தடவை வருது. நேத்து வீட்டுல ரெண்டு தடவை. எல்லாம் கூட்டினா தாண்டிடுச்சு.”

“ஒரு சீனுக்கு ஒண்ணுதான் கணக்கு, தலைவரே. படத்துலயும் ரெண்டாவது சீன்ல எலிசா அந்த வார்த்தைய நாலு தடவை சொல்லுவா. நாம ஒண்ணுன்னுதானே எடுத்துக்கிட்டோம்?”

“அது எதிரொலி.”

கருவாட்டுக் கடைக்கு முன்னால் நின்று இதைப் பத்து நிமிஷம் விவாதித்தார்கள். வாங்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அமுதா கத்தியைக் கீழே வைத்தாள். “இன்னா எண்ணுறீங்க?”

மாமா மூன்று வேணாமையும் சர்ச் மணியையும் விளக்கினார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “இவரும் எண்ணுறாரா?” என்று கேட்டாள்.

பதில் மூன்றே எழுத்து. இல்லை என்றுகூடச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டியிருந்தால் போதும். தலையும் ஆடவில்லை. அவள் கத்தியை மறுபடி எடுத்தாள். பிறகு, “ஆங், சொல்லுங்கக்கா, வாளையா, நெத்திலியா?” என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள்.

அன்று மத்தியானம் மீன் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவைத்ததைப் பார்த்து மாமாவுக்குக் கண் கலங்கியது. “துரையும் ரெண்டாவது வேணாமுக்கு அப்புறம் சாப்பிட மாட்டான்” என்றார். எழுந்து அறைந்துவிடலாமா என்று தோன்றியது. அக்கா வீட்டுக்காரர்.

மூன்றாம் நாள் இரண்டு பேரும் எழுவதற்கு முன்னால் லாட்ஜை விட்டு வெளியே வந்தேன். கட்டம் போட்ட சட்டையை விட்டுவிட்டு, மில்லுக்குப் போடுகிற பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். நான் போனபோது அமுதா மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள், மூன்றாவதாக நின்றேன்.

“இன்னா வேணும்?” என்றாள், ஏறிட்டுப் பார்க்காமலே.

நெத்திலியைக் கையால் காட்டினேன்.

“வாயைத் தொறந்து கேட்டாத்தான் தருவேன்.” அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் மீன்கடைப் பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷினை ஓட்டினார்கள். தடதடவென்று ஒரே சத்தம். மில்லில் மோட்டார் ஓடும்போது நான் பேசுவேன். பாட்டுகூடப் பாடுவேன். யாருக்கும் கேட்காது என்பதால் அங்கே எனக்குத் தொண்டை அடைப்பதில்லை. மெஷின் சத்தம் காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“நான் எண்ணல” என்றேன்.

“இன்னா?”

“நேத்து கேட்டீங்களே. நான் எண்ணல.”

அவளுக்குக் கேட்கவில்லை. மேடையை விட்டு இறங்கிச் சுற்றிவந்து, என் பக்கத்தில் நின்று காதைக் காட்டினாள். கையில் கருவாட்டு வாசனை. “இப்ப சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். மில் என்னுடையது இல்லை, வேலைக்குத்தான் நிற்கிறேன். மில்லுக்குப் பின்னால் ஒரு அறை, அதில்தான் சமையல், படுக்கை. ரசம் நன்றாக வைப்பேன், குழம்பு சுமார். பேசாமல் இருப்பது சபதம் இல்லை, பயம். பூ வைத்தது தப்பு. உங்கள் வியாபாரம் கெட்டுப்போனதற்கு வருத்தப்படுகிறேன்.

இதற்குள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை அடைக்கும் என்று காத்திருந்தேன். அடைத்தது. ஆனால் பாதி வாக்கியத்தில் இருந்தேன், முடிக்காமல் விடவும் முடியவில்லை.

“இன்னொண்ணு” என்றேன். “அந்தப் படத்தை நான் முழுசாப் பார்த்ததில்ல. அன்னிக்கு ராத்திரி மில்லுல அரைக்க ஆள் இல்லைன்னு இடைவேளையிலேயே கூப்பிட்டுட்டாங்க. அப்புறம் எல்லாரும் அப்படியே துரைன்னாங்க. பார்க்கலைன்னு சொல்றதுக்கும் பேசணுமே, அதனால சொல்லல.”

நம் மன்றத்தில் இருபத்தொன்பது வருஷமாக நான் உறுப்பினர். இதை இப்போதுதான் எழுதித் தெரிவிக்கிறேன். நீக்குவதென்றால் நீக்கிவிடுங்கள்.

அமுதா சிரித்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் மார்க்கெட்டை விட்டு வர மாட்டேன்” என்றாள். “எங்க அண்ணன் ஒண்டிக்கட்டை. இங்கதான் இருப்பேன். நீங்க வருவீங்களா?”

“வர்றேன். அரைக்கிற வேலை எந்த ஊர்லயும் இருக்கு.”

“உங்க மாமா?”

“அவர் வர மாட்டார்.”

“இதைக் கேட்டுக்கிட்டேன்” என்றாள். “இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன். மூணாவது வேணாமும் சொல்ல மாட்டேன், உங்காளுங்க மணி அடிச்சிடப் போறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம தனியா வாங்க. வந்து பேசுங்க. உங்களுக்குப் பேச்சு வருதா, மெஷினாலதான் வந்துச்சான்னு பார்க்கணும்.” கால் கிலோ நெத்திலியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

லாட்ஜில் இரண்டு பேரும் அலறியடித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். வேணாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, வரச் சொல்லியிருக்கிறாள் என்றேன்.

மாமா பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ பேசினியா?”

“பேசினேன்.”

“உன்னை யாரு மச்சான் பேசச் சொன்னது?” என்றார். கோபம்கூட இல்லை, அவ்வளவு வருத்தம். தங்கவேலு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “கிளைமாக்ஸ்ல துரை பேசவே மாட்டானே” என்றார் சுவரைப் பார்த்து.

திரும்பி வரும் பஸ்ஸில் திருவண்ணாமலை வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். ஜன்னலில் தெரிந்த கரும்பு, செங்கல் சூளை, கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்ட கண்டக்டர், எல்லாவற்றைப் பற்றியும் சொன்னேன்.

மாமாவின் கட்டுரையில் அமுதா மூன்றாவது வேணாமைக் கண்ணாலேயே சொன்னதாக இருக்கிறது. சொல்லவில்லை, நான் இருந்தேன். தங்கவேலு அண்ணன் சர்ச் மணி கேட்டதாக எழுதியிருக்கிறார். அது ஐஸ் மெஷின்.

அடுத்த ஞாயிறு போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். முதல் தடவை அரை மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது, மீதி நேரம் அவளோடு கருவாடு தரம் பிரித்தேன். நான்காவது தடவை கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். எட்டாவது ஞாயிறு, தூறலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, “திரும்பத் திரும்ப எதுக்கு அலையுறீங்க, துணிமணிய எடுத்துட்டு வந்துடுங்க” என்றாள். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

இப்போது அரியாங்குப்பத்தில் ஒரு மில்லில் நிற்கிறேன். மிளகாய் அதிகம் அரைக்கிறார்கள், தும்மல்தான் தாங்கவில்லை. நேற்று இதை அமுதாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். முடிவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். “ஒரு பக்கம் கேட்டாங்கன்னு சொன்னீங்க. இப்படி வளவளன்னு எழுதினா எவன் படிப்பான்? பாதிய வெட்டுங்க” என்றாள்.

வெட்டவில்லை. மலருக்குக் கடைசி நாள் ஐப்பசி முடிவு என்று சொல்லியிருந்தீர்கள். இன்று கார்த்திகை நான்காம் தேதி.